மாலை போட்டால் நிற்கிறதே, அப்புறம் என்ன நோய்? வீட்டில் குடிப்பவர் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது

எங்கள் பெரிய மாமா கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார். முந்தின ராத்திரி வரைக்கும் தினம் ஒன்றரை குவாட்டர் குடித்துக்கொண்டிருந்தவர். மூன்றாம் நாள் ராத்திரி படுக்கை விரிப்பில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட ஆரம்பித்தார். எறும்பே இல்லை. கை நடுக்கம், உடம்பெல்லாம் வியர்வை, செத்துப் பத்து வருஷமான தன் அண்ணனோடு பேச்சு. அத்தை பயந்துபோய், மாலைக்கு ஏதோ தீட்டுப் பட்டுவிட்டது என்று பூசாரிக்கு ஆள் அனுப்பினார். திருநீறு போட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து, அரை நாள் அப்படியே போனது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த அரை நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

நாங்கள் இருப்பது கேரள எல்லையில், கோவிந்தாபுரம் பக்கம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கள்ளு ஷாப்பு, அந்தப் பக்கம் டாஸ்மாக். மாதம் ஒன்றாம் தேதி கேரளத்தில் டிரை டே என்பதால் அன்றைக்குப் பொள்ளாச்சி ரோட்டில் போகிற பைக்குகளைப் பார்த்தாலே யாருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் படித்தது உளவியல், வேலை பார்ப்பது டியூஷன் சென்டரில், டாக்டர் கிடையாது. ஆனாலும் உறவுக்காரர்கள் 'கண்ணு, நீ சைக்காலஜி படிச்சவதானே' என்று வந்து கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான்: மாலை போட்டால் 41 நாள் நிறுத்த முடிகிறதே, அப்போது இது நோயா, திமிரா?

பிறழ்நிலை உளவியல் பாடத்தில் முதல் வாரமே வரும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு நடத்தையை நோய் என்று சொல்ல 'ஊரில் யாரும் செய்யாததை இவர் செய்கிறார்' என்பது போதாது. அதே போல 'ஊரே செய்கிறது' என்பதால் அது நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. எங்கள் தெருவில் குடிக்காத ஆம்பளையைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள், அந்தக் கணக்கில் பார்த்தால் குடிக்காதவர்தான் பிறழ்நிலை. அதனால் பார்க்க வேண்டியது வேறு: அதனால் அவருக்கோ வீட்டாருக்கோ வேதனை இருக்கிறதா, வேலையும் குடும்பமும் கெடுகிறதா, ஆபத்து இருக்கிறதா, முக்கியமாக, வேண்டாம் என்று அவரே நினைக்கிற நாளிலும் கை அதை எடுக்கிறதா.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013 இல் வெளியிட்ட, மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்கு 11 அறிகுறிகள் இருக்கின்றன. நினைத்ததை விட அதிகமாகக் குடித்துவிடுவது, குறைக்கப் பார்த்துத் தோற்பது, குடிக்கவும் தெளியவும் நேரம் போவது, அடங்காத ஏக்கம், வேலைக்குப் போகாமல் இருப்பது, சண்டை வந்தும் தொடர்வது, முன்பு பிடித்திருந்த விஷயங்களைக் கைவிடுவது, வண்டி ஓட்டும்போதும் குடிப்பது, ஈரல் கெட்டது தெரிந்தும் விடாதது, தாங்குதிறன் கூடுவது, நிறுத்தினால் உடம்பு முறுக்குவது. கடந்த 12 மாதத்தில் இவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 என்றால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் தீவிரம். ஆமாம் இல்லை என்று இரண்டாகப் பிரிக்காமல் படிப்படியாகப் பார்க்கிறார்கள். வீட்டில் 'நான் என்ன குடிகாரனா' என்று கத்துபவரிடம் பேச அது உதவும். குடிகாரரா என்று கேட்காதீர்கள், எத்தனை அறிகுறி என்று எண்ணுங்கள்.

அந்தப் பட்டியலில் ஊருக்குள் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுவது தாங்குதிறன். 'எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்' என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதுதான் அறிகுறி. உடம்பு பழகிப்போய்விட்டது என்று அர்த்தம், பலம் என்று அர்த்தம் இல்லை.

இப்போது மாலைக் கணக்குக்கு வருகிறேன். அதே கையேடு, அறிகுறிகள் எதுவும் இல்லாமல் (ஏக்கம் மட்டும் இருக்கலாம்) 3 மாதம் கடந்தால்தான் ஆரம்பகட்டத் தணிவு என்றும், 12 மாதம் கடந்தால்தான் நிலைத்த தணிவு என்றும் சொல்கிறது. 41 நாள் அதில் எதிலும் சேராது. அதுவும் மாலை நாட்களில் கறுப்பு வேட்டி, காலையிலும் மாலையிலும் குளியல், குருசாமி, 'சாமி' என்று கூப்பிடுகிற ஊர் என்று சுற்றிலும் வேலி இருக்கிறது. வேலி எடுத்த மறுநாள் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. இதனால் மாலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, நிஜமாகவே அந்த 41 நாளைப் பிடித்துக்கொண்டு கரையேறினவர்களும் உண்டு. ஆனால் 'மாலை போட்டால் நிறுத்த முடிகிறவனுக்கு நோய் இல்லை' என்பது தப்பான முடிவு.

சரி, எவ்வளவு குடிக்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும். டாக்டர் கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள், வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள் என்றும் இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் ஹெல்த் சென்டரில் 'மது குடிப்பீங்களா' என்று கேட்டதற்கு 'பழக்கமே இல்லைங்க' என்று சொன்னார், பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினம் மூன்று குப்பி கள் அவருக்கு. கள்ளை அவர் மதுவில் சேர்ப்பதே இல்லை, அது குளிர்ச்சி, அது சாப்பாடு. ஆராய்ச்சிமுறைப் பாடத்தில் ஏற்புடைமை என்று நீட்டி முழக்குவார்களே, அளக்க நினைத்ததைத்தான் கேள்வி அளக்கிறதா என்பது, அது இதுதான். அதனால் மது என்று கேட்காமல் 'கள், பீர், பிராந்தி, எதுவானாலும்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'எத்தனை' என்பதைக் குப்பியிலும் குவாட்டரிலும் கேளுங்கள்.

கணக்கு சுலபம். எத்தனை மில்லி, அதில் எத்தனை சதவீதம் ஆல்கஹால், இரண்டையும் பெருக்கி, 100 ஆல் வகுத்து, 0.79 ஆல் பெருக்கினால் கிராம் வரும். பிராந்தி, விஸ்கி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். 30 மில்லியில் சுமார் 10 கிராம், ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் 25 கிராம் சொச்சம். கள்ளை 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதே அளவு குப்பிக்கு அதே 25, மூன்று குப்பி என்றால் ஒரு குவாட்டரைத் தாண்டிவிடும். இறக்கி நேரமாகிப் புளிக்கப் புளிக்க இன்னும் ஏறும். பழக்கமே இல்லாதவரின் கணக்கு இது!

அளவு தெரிந்ததும் குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) கேள்வித்தாளைப் போட்டுப் பார்க்கலாம். 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய குடி, 20 ஐத் தொட்டால் உடம்பே அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் போயே ஆக வேண்டும். தமிழ் தாய்மொழி என்றால் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் எல்லாருக்கும் மலையாளம் புரியும்தான், கடையில் அரிசி வாங்கலாம், பஸ்ஸில் சண்டை போடலாம். 'குற்ற உணர்ச்சி வந்ததா' என்ற கேள்விக்கு உள்ளதைச் சொல்ல அந்த மலையாளம் பத்தாது.

இனி இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவு வைப்பதானால் இதை வையுங்கள். தினமும் நிறையக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், பூட்டி வைக்காதீர்கள். ஆல்கஹால் மூளையின் பிரேக்கை அழுத்தும் பொருள். வருஷக்கணக்கில் பிரேக் அழுந்தியே இருந்தால், அதை ஈடுகட்ட மூளை ஆக்சிலேட்டரை மிதித்துப் பழகிவிடுகிறது. ஒரு நாள் சாராயத்தை எடுத்துவிட்டால் பிரேக் போய்விடும், ஆக்சிலேட்டர் அப்படியே இருக்கும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 ஆம் நாளுக்கும் 4 ஆம் நாளுக்கும் நடுவில் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிற சித்தப்பிரமை வரலாம், மாமாவுக்கு வந்தது அதுதான். உயிர் போகிற விஷயம் அது. 2020 மார்ச்சில் ஊரடங்கில் கேரளத்தில் கடைகளை ஒரேயடியாக மூடியபோது, மது கிடைக்காமல் தற்கொலைகள் நடந்தன. டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவே போட்டது, டாக்டர்கள் எதிர்க்க, ஹைகோர்ட் அதை நிறுத்தி வைத்தது. மது கொடுப்பது வைத்தியம் இல்லை என்று டாக்டர்கள் சொன்னது சரிதான். வைத்தியம் வேறு இருக்கிறது, அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும்.

அங்கே டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு, ஈரல் கெட்டவர்களுக்கு லோரஸெபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் பிரேக்கை மெதுவாக விடுவார்கள், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள். இந்த மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக் கொடுக்க நினைக்காதீர்கள், குடியோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். இன்னொன்று, நம் ஊர் கிளினிக்கில் தெளியவைக்க என்று உடனே குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். 'குளுக்கோஸுக்கு முன்னாடி பி1 ஊசி போட்டாச்சுங்களா' என்று கேளுங்கள். நெடுநாள் குடிப்பவர்களுக்குத் தயமின் என்கிற பி1 சத்து வறண்டிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிப்பு வரலாம் அல்லது கூடலாம். தள்ளாட்டம், குழப்பம், கண் ஒரு மாதிரி ஆடுவது. பார்க்கிறவர்களுக்குப் போதை போலவே இருக்கும், அதுதான் சிக்கல்.

உடம்பு தெளிந்தது பாதி வேலை கூட இல்லை. பத்து நாள் வார்டில் இருந்து வந்ததும் 'குணமாகிவிட்டார்' என்று வடை பாயசம் செய்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் மாதக்கணக்கில் கவுன்சலிங்கும், தேவைப்பட்டால் மாத்திரையும் வேண்டும். நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் சுகத்தைக் குறைக்கும், அகாம்ப்ரொசேட் நிறுத்தியவர்களின் ஏக்கத்தைத் தணிக்கும். எது யாருக்கு என்பது ஈரலையும் கிட்னியையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வது.

மூன்றாவது ஒன்று டைசல்ஃபிராம். அதைப் பற்றித்தான் சித்தி ஒரு நாள் ரகசியமாக வந்து கேட்டார்.

'ஏங்கண்ணு, ஒரு பொடி இருக்குதாமே, மோர்ல கலந்து குடுத்துட்டா அவருக்குத் தெரியாமயே குடிய விட்டுருவாராமா?'

'சித்தி, அதுல என்ன கலந்திருக்காங்கன்னு தெரியுமா?'

'மூலிகைன்னுதான் சொன்னாங்க.'

அப்படி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, டைசல்ஃபிராமாகவே இருந்தால்தான் பெரிய ஆபத்து. 1940 களின் கடைசியில் டென்மார்க்கில் குடிக்கு மருந்தாகக் கண்டறிந்தது அது. ஆல்கஹால் உடம்பில் உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு என்கிற நச்சை வெளியேற விடாமல் தேக்கிவைக்கும். மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, பிரஷர் சடாரென்று இறங்கும், இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்கு 2 வாரம் கழித்துக் குடித்தாலும் இது வரலாம். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் அது மருந்து. 'குடிச்சா எனக்கு இப்படி ஆகும்' என்ற நினைப்பே அவரைத் தடுக்க வேண்டும், தெரியாமல் கொடுத்தால் அந்த நினைப்பு எங்கிருந்து வரும்? சித்தி பொடியை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நோட்டீசைக் கொண்டுவந்தார்.

பொள்ளாச்சி போகிற வழியில் இருக்கும் ஏதோ மறுவாழ்வு மையம், பெயர் வேண்டாம். '95 சதவீதம் வெற்றி' என்று சிவப்பு எழுத்தில். கட்டணம் நகையை அடகு வைக்கிற அளவு. பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டு நாலு கேள்வி கேட்கலாம் என்றேன், ஸ்பீக்கரில் போட்டோம். எத்தனை பேரில் 95? எத்தனை மாதம் கழித்துப் பார்த்தது? குடிக்கவில்லை என்று யார் சொன்னது? இங்கே வராமல் இருந்தவர்களில் எத்தனை பேர் நிறுத்தினார்கள்? இரண்டாம் கேள்விக்கே 'நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்' என்று வைத்துவிட்டார்கள்.

95 எப்படி வரும் என்று சித்திக்கு நான் தரையில் புளியங்கொட்டை போட்டுக் காட்டினேன். நூறு பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். நாற்பது பேர் பாதியில் ஓடிவிடுகிறார்கள், அவர்களை ஒதுக்கியாயிற்று. அறுபது பேர் முடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் போன் போட்டால் இருபது பேர்தான் எடுக்கிறார்கள், குடித்துக்கொண்டிருப்பவன் அந்த நம்பரைப் பார்த்துவிட்டு எடுப்பானா? எடுத்த இருபதில் பத்தொன்பது பேர் 'குடிக்கலைங்க' என்கிறார்கள். 19 பேர், 20 இல். நோட்டீசில் 95 சதவீதம். சேர்ந்தது நூறு பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நிச்சயமாகத் தெரிந்தது 19 தான். பொய் என்று யாரையும் சொல்ல முடியாது, கொட்டைகளை எங்கே ஒதுக்கினார்கள் என்பதுதான் விஷயம். நல்ல ஆராய்ச்சியில், சிகிச்சைக்கு என்று பிரித்த எல்லாரையும், பாதியில் போனவரையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பார்கள்.

நாலாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வருவதே இருப்பதிலேயே மோசமான வாரத்தில்தான். மோசத்தின் உச்சிக்குப் போனது எதுவும் செய்யாமல் விட்டாலும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தையும் மையம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும், கயிறு கட்டிய கோயிலும் எழுதிக்கொள்ளும். அதனால்தான் ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும், யார் எந்தக் கூட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்ய வேண்டும்.

கோவாவில் அப்படி ஒன்று செய்தார்கள், 2017 இல் லான்செட் இதழில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஆபத்தான அளவில் குடிக்கும் 377 ஆண்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பாதிக்கு அதோடு சில அமர்வு கவுன்சலிங். கவுன்சலிங் கொடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். 3 மாதம் கழித்து ஆடிட் மதிப்பெண் 8 க்குக் கீழே வந்தவர்கள் கவுன்சலிங் கூட்டத்தில் 36 சதவீதம், மற்றதில் 26. நோட்டீசின் 95 ஐப் பார்த்த கண்ணுக்கு 36 சப்பென்று இருக்கும். ஆனால் இது நம்பக்கூடிய 36. அந்த 26 தான் முக்கியம், கவுன்சலிங் இல்லாமலே அத்தனை பேர் இறங்கியிருக்கிறார்கள், வித்தியாசம் 10. ஒன்று சொல்ல வேண்டும், இவர்கள் மாமா மாதிரி முற்றியவர்கள் இல்லை, அப்படி முற்றியவர்களை இந்த 377 பேரில் சேர்க்கவில்லை. அதனால் இதை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பேச்சே போதும் என்று கிளம்ப வேண்டாம்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. பதிவு எண் கேளுங்கள், சைக்கியாட்ரிஸ்ட் எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள், உள்ளே இருப்பவரிடம் போனில் பேச விடுவார்களா என்று கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவை முதலில் பாருங்கள், பலருக்கு அதுவே போதும், கம்மல் காதிலேயே இருக்கும். கேரளத்தில் எக்சைஸ் துறையின் விமுக்தி திட்டத்தில் மையங்கள் இருக்கின்றன. ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய எண் 14446. அடி உதை இருந்தால் குடியைத் திருத்துவது அப்புறம், முதலில் பெண்கள் உதவி எண் 181.

சித்தப்பாவைச் சித்தி எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று கேட்பீர்கள். ராத்திரி பேசுவதை நிறுத்தினார், அவ்வளவுதான் முதல் படி. போதையில் இருக்கும்போது போட்ட சண்டை எதுவும் காலையில் அவருக்கு நினைவில்லை, சித்திக்குத்தான் தொண்டை போனது. காலை டீயின்போது, ஒரு விஷயம் மட்டும், திட்டாமல். 'நேத்து சின்னவன் உங்களுக்காக ஒன்பது மணி வரைக்கும் சாப்பிடாம உக்காந்திருந்தான்.' கூடவே கள்ளு ஷாப்புக் கடனை அடைப்பதை நிறுத்தினார், வேலைக்கு லீவு சொல்லிப் பொய் போன் போடுவதையும் நிறுத்தினார். குடிக்காமல் வந்த நாளில் அவருக்குப் பிடித்த மீன் குழம்பு. ஏழு வாரம் ஆனது. அதற்குள் நானே இரண்டு முறை பொறுமை இழந்துவிட்டேன்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய நல்ல ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது, செலவு கிடையாது. மாதக் காலண்டரில் தினம் ஒரு குறி. குடித்தால் எத்தனை என்ற எண், இல்லையென்றால் ஒரு புள்ளி. முதல் 2 வாரம் எதையும் மாற்றாமல் வெறுமனே எழுதுங்கள், அப்போதுதான் பின்னால் ஒப்பிட ஏதாவது இருக்கும். முடிந்தவரை அவரே எழுதட்டும், ஒளித்துவைத்து உளவு பார்க்க வேண்டாம். சித்தப்பாவின் காலண்டரில் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எண்கள் எல்லாம் சனிக்கிழமையில்தான். சனிக்கிழமை கூலி நாள். அதற்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் சித்தி டவுனுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போக ஆரம்பித்தார்.

நடுவில் ஒரு நாள் எண் விழும், விழாமல் இருந்தால் ஆச்சரியம். அன்றைக்கு 'எல்லாம் போச்சு' என்று கூட்டம் போடாதீர்கள், காலண்டரையும் கிழிக்காதீர்கள். எண்ணை எழுதிவிட்டு, எங்கே, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பக்கத்தில் ரெண்டு வார்த்தை எழுதுங்கள். டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டிருப்பவர் என்றால் உடனே ஆஸ்பத்திரி, அடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் அதைப் போடவே கூடாது. அடுத்த கவுன்சலிங் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், வெட்கப்பட்டு எல்லாரும் தள்ளிப்போடுவது அதைத்தான். போகும்போது காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.